நர்ஸ் வேலை பார்ப்பவருக்கு நிச்சயதார்த்த மோதிரம்: வைரம்தான் வேண்டுமா?

தூறல் (கேள்வி):
என் தோழியிடம் கல்யாணப் பேச்சை எடுக்கப் போகிறேன். மோதிரத்தோடு போய்க் கேட்பதாக எண்ணம். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். நாள் முழுக்கக் கையுறை மாட்டுவதும் கழற்றுவதும்தான். கடைகளில் எனக்குக் காட்டியதெல்லாம் உயரமாக எழும்பி நிற்கும் ஒற்றைக்கல் மோதிரங்கள். "ஒரு காரட்டுக்குக் கீழே எடுக்காதீர்கள்", "ரெண்டு மாசச் சம்பளமாவது போடணும்" என்கிறார்கள். இந்தக் கணக்கெல்லாம் யார் போட்டது? வைரம் இல்லாவிட்டால் குறையா? அப்புறம், அவளுக்குத் தெரியாமல் விரல் அளவை எப்படி எடுப்பது?

பழையகணக்கு:
சம்பளக் கணக்கு டி பீர்ஸ் வைரக் கம்பெனியின் விளம்பரம். 1980களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் "இரண்டு மாதச் சம்பளம்" என்று அவர்களே போட்டார்கள். வைரம் என்றென்றைக்கும் என்ற வாசகமும் அவர்களுடையதுதான்; 1947இல் பிரான்சஸ் கெரட்டி என்ற விளம்பர எழுத்தாளர் எழுதிக் கொடுத்தது. ரோமானியர்கள் நிச்சயத்துக்குக் கொடுத்தது கல்லே இல்லாத இரும்பு வளையம். 1477இல் ஆஸ்திரியாவின் மாக்சிமிலியன், பர்கண்டி இளவரசி மேரிக்கு வைர மோதிரம் கொடுத்ததை எல்லோரும் சொல்வார்கள். அது அரச குடும்பத்துக் கதை. 1860களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் சாதாரணக் குடும்பங்களுக்கு அது எட்டியது. உங்கள் சம்பளம் உங்கள் பாடு, நண்பரே.

பட்டறைக்காரன்:
தம்பி, நான் மோதிரம் விற்பவன் இல்லை, பழுது பார்ப்பவன். கடைக்காரர் பார்ப்பது புது மோதிரம். என் மேசைக்கு வரும்போது அதற்கு அஞ்சாறு வயசு ஆகியிருக்கும். அதனால் கல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கல்லை மோதிரத்தில் பதித்துப் பிடிக்கும் கட்டு பற்றிப் பேசுகிறேன்.

என்னிடம் வருவதில் அதிகம், கல் தொலைந்த மோதிரம் அல்லது கல் ஆடுகிற மோதிரம். கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளின் நுனி துணியிலும் தலைமுடியிலும் உரசி உரசித் தேயும். ஒருநாள் ஸ்வெட்டர் நூலில் மாட்டி ஒரு நுனி நிமிரும். அதற்கப்புறம் கல் எப்போது போகும் என்பதுதான் கேள்வி. நாலு கொக்கியில் ஒன்று போனால் ஆபத்து. ஆறு இருந்தால் கொஞ்சம் தாங்கும். அதைவிட நல்லது, கல்லைச் சுற்றித் தங்கத்தையே விளிம்பாக மடித்துப் பதிக்கும் மூடுகட்டு. கையுறை கிழியாது, கல்லின் ஓரமும் சிதறாது. வைரம் கடினமானதுதான், ஆனால் சரியான கோணத்தில் அடி பட்டால் அதுவும் பிளக்கும். ஓரம் உடைந்த வைரத்தைப் பார்த்து நம்பாமல் சண்டை போட்டவர்கள் உண்டு.

வளையம் முழுக்கப் பொடிக்கல் பதித்ததை நர்ஸ் கைக்கு வாங்காதீர்கள். பொடிக்கல் ஒவ்வொன்றாக உதிரும், இடுக்கில் சோப்பு தங்கும், பின்னால் அளவு மாற்றவும் முடியாது. வளையம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மெலிதாக இருந்தால் அழகாகத்தான் இருக்கும், வளைந்தும் போகும். வெள்ளைத் தங்கத்தின் வெள்ளை என்பது பெரும்பாலும் மேலே பூசிய ரோடியம் என்ற உலோகம். தேய்ந்தால் லேசாக மஞ்சள் தட்டும், திரும்பப் பூச வேண்டும். சில கலவைகளில் நிக்கல் இருக்கும், சிலருக்குத் தோல் அரிக்கும். பிளாட்டினத்தில் கீறல் விழும், ஆனால் உலோகம் அதிகம் குறையாது. அல்லது பேசாமல் 18 காரட் மஞ்சள் தங்கம். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கல்லுக்கு வருகிறேன். கல்லுக்குக் காரட் என்பது எடை; தங்கத்துக்குச் சொல்லும் காரட் வேறு, அது தூய்மை. ஒரு காரட் 200 மில்லிகிராம், அவ்வளவுதான். ஒரு காரட் வட்டக் கல்லின் அகலம் சுமார் 6.5 மில்லிமீட்டர். 0.9 காரட்டில் அதைவிட ஒரு மயிரிழைதான் குறையும், விரலில் போட்டால் தெரியாது; ஆனால் ஒன்று என்ற எண்ணைத் தொட்டதும் விலை தாவும். முதலில் பட்டையை, அதாவது கல்லை வெட்டித் தீட்டியிருக்கும் விதத்தைப் பாருங்கள். பட்டை சரியில்லாத கல்லில் ஒளி அடிவழியாக ஒழுகிவிடும், எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கண்ணாடித் துண்டுதான். நிறத்தை, நிறமே இல்லாத டி முதல் மஞ்சள் தட்டும் இசட் வரை தரம் பிரிப்பார்கள். மஞ்சள் தங்கத்தில் வைப்பதானால் எச், ஐ போதும், டி-க்குக் கொடுக்கும் பணம் வீண். உள்ளே இருக்கும் மாசு வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் சரி. சான்றிதழோடு வரும் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் எண் பொறித்திருந்தால், உருப்பெருக்கியில் அதைக் காட்டச் சொல்லி, தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதே கார்பன்தான், விலை மிகக் குறைவு. ஆனால் திரும்ப விற்கப் போனால் அழுகைதான் வரும். விற்கிற எண்ணமே இல்லை என்றால் கவலை இல்லை.

வைரம் வேண்டாம் என்றால் நீலக்கல். மோஸ் கடினத்தன்மை அளவில் பத்துக்கு 9, மாணிக்கமும் 9. 1981இல் டயானாவுக்குக் கொடுத்ததும் நீலக்கல்தான், அதைச் சுற்றித்தான் வைரம். மரகதம் வேண்டாம்: பெரும்பாலான மரகதத்தில் விரிசலை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், கைக்கு அடிக்கிற சானிடைசர் அதைக் கரைத்துவிடும். முத்தும் ஓபலும் அன்றாடம் போடுவதற்கு இல்லை.

அளவுக்கு: நிச்சய மோதிரம் போடப்போகும் அதே கையில், அதே விரலில் அவர் இப்போது போடுகிற மோதிரம் ஒன்றைச் சற்று நேரம் எடுத்து, உள் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து வையுங்கள். வேறு கை, வேறு விரல் மோதிரம் உதவாது. சந்தேகம் இருந்தால் அரை அளவு பெரிதாக எடுங்கள், சிறிதாக்குவது எளிது.

வார்டுவெளிச்சம்:
நானும் நர்ஸ்தான், அதனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பிரிவில் கல் வைத்த எந்த மோதிரத்துக்கும் அனுமதி இல்லை. மூடுகட்டாக இருந்தாலும் சரி, கல்லுக்கு அடியில் கிருமி தங்கும் என்பார்கள். வெறும் வளையம் மட்டும் போடலாம். வேலைக்குப் போகும்போது என் மோதிரம் வீட்டில் டப்பாவில்தான் இருக்கும், யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்தால் துவைக்கப் போய்விடும். அவங்க வார்டு விதி என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டறைக்காரன்:
தங்கச்சி சொல்வது எனக்குத் தோன்றாத விஷயம். அப்படியானால் தம்பி, காசை இரண்டாகப் பிரியுங்கள். வேலைக்குப் போட ஒரு வெறும் வளையம், மற்ற நேரத்துக்குக் கல் மோதிரம். கல் மோதிரத்தைத் தினமும் கழற்றி மாட்டுவார் என்பதால் விரல் முட்டியைத் தாண்டிச் சிரமமில்லாமல் வர வேண்டும், ஆனால் குளிரில் நழுவவும் கூடாது. கொடுத்த பிறகு காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், விரல் ஒரே மாதிரி இருக்காது.

தூறல்:
ரொம்ப நன்றி அண்ணா, நன்றி அக்கா. அவளுடைய வார்டிலும் அதே விதிதான், பேச்சுவாக்கில் கேட்டுவிட்டேன். மூடுகட்டில் நீலக்கல், கூடவே ஒரு வெறும் வளையம் என்று முடிவு. உள்பக்கம் தேதி பொறித்துத் தரட்டுமா என்று கடையில் கேட்கிறார்கள். பொறிக்கலாமா?

பட்டறைக்காரன்:
இப்போது வேண்டாம். அளவு மாற்ற வெட்டி ஒட்டினால் எழுத்து நடுவில் போய்விடும். அவர் சில மாதம் போட்டு, அளவு சரி என்று ஆனபிறகு பொறியுங்கள். அவர் சரி என்று சொன்ன தேதியும் அப்போது கையில் இருக்கும்.