ஜிஎம்டி வாட்ச்: சென்னையின் அரை மணியை எப்படிப் பார்ப்பது?

தேக்கா_வாசி
வணக்கம். தினமும் சென்னைக்கும் லண்டனுக்கும் பேசுகிற வேலை. இன்னொரு ஊர் நேரத்தையும் காட்டும் ஜிஎம்டி வாட்சாக ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2 அல்லது டியூடர் பிளாக் பே ஜிஎம்டி வாங்க எண்ணம். சென்னை, சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். மணி முள் முழு மணியாகத்தான் தாவும் என்கிறார்கள். அந்த அரை மணியை எப்படிப் பார்ப்பது?

முள்ளும்_பெசலும்
கடையில் முதலில் பெசலை, அதாவது டயலைச் சுற்றியுள்ள 24 மணி எண் வளையத்தை, திருப்பிப் பாருங்க. ரோலெக்ஸில் ஒரு சுற்றுக்கு 24 கிளிக், டியூடரில் 48. அதாவது டியூடரில் ஒரு கிளிக் அரை மணி. சென்னையோடு பேசுறவங்களுக்கு இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம்.

டியூடரில் 24 மணி முள்ளை (நாளுக்கு ஒரே சுற்று வரும் கூடுதல் முள்) சிங்கப்பூர் நேரத்தில் வைத்து, பெசலை வலப்பக்கம் 5 கிளிக் திருப்புங்க. பெசலில் இருக்கும் முக்கோணம் டயலின் 6 நிமிடக் கோட்டைச் சற்றுத் தாண்டி நிற்கும். இப்போ இரவு 8:10 என்றால், 24 மணி முள் பெசலில் 17க்கும் 18க்கும் நடுவே இருக்கும். நிமிடத்துக்கு, நிமிட முள்ளின் நேர் எதிர்க் கோட்டைப் படிங்க. 10க்கு எதிரே 40. சென்னையில் மாலை 5:40. சீக்கிரம் கண் பழகிடும்.

ரோலெக்ஸில் அந்த அரைக் கிளிக் கிடையாது. வலப்பக்கம் 3 கிளிக் வைத்து, வரும் நேரத்தோடு 30 நிமிடம் கூட்டிக்கங்க. 2 கிளிக் வைத்துக் கழிப்பதைவிட இது சுலபம்.

தேக்கா_வாசி
ரொம்ப நன்றிங்க. அப்போ லண்டன்?

கிரவுன்_மூன்று
24 மணி முள்ளை வருடம் முழுக்க உலகப் பொது நேரமான யுடிசியிலேயே விட்டுடுங்க. டியூடர் பெசலை இடப்பக்கம் 11 கிளிக் திருப்பினால் சென்னை. அதை மாற்றவே வேண்டாம். லண்டனுக்கு டயல் குறிகளைப் பாருங்க, ஒரு குறிக்கு இரண்டு மணி. முள் 5 மணிக் குறியில் நின்றால் லண்டனில் காலை 10. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி கூட்டணும்.

நேரம் வைக்கும் வரிசை முக்கியம். கிரவுனை (பக்கத்தில் இருக்கும் திருகு குமிழ்) திருகி விடுவித்து, முழுக்க வெளியே இழுங்க, விநாடி முள் நிற்கும். அங்கே 24 மணி முள்ளையும் நிமிடத்தையும் வைக்கணும். பிறகு நடு நிலைக்குத் தள்ளி, மணி முள்ளை ஒவ்வொரு மணியாகச் சிங்கப்பூருக்குத் தாவ விடுங்க. தேதியும் இதோடுதான் நகரும். நண்பகலில் தேதி மாறினால் காலை மாலை தவறிப்போச்சு, இன்னும் 12 தாவல் போடுங்க. பலர் சறுக்குவது இங்கேதான்.

மூடும்போது கிரவுனை லேசாக அழுத்தி, முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்க. மரை உட்காருவது விரலுக்குத் தெரியும், அப்புறம் வலப்பக்கம். மரை கோணலாக ஏறினால் தேய்ந்துபோகும், தண்ணீர் உள்ளே போக அது போதும். நம்ம ஊர் ஈரத்தில் கிரவுனைத் திறந்தே விடாதீங்க.

சென்னைக்கே பறந்தால் 3 தாவல் பின்னால், பிறகு முழுக்க இழுத்து நிமிடத்தை 30 முன்னால். 24 மணி முள்ளும் அரை மணி முன்னேறிடும். டியூடர் பெசலின் முக்கோணத்தை 12 மணிக் குறிக்குக் கொண்டுவந்து, வலப்பக்கம் ஒரு கிளிக் வைத்தால் யுடிசி சரியாக வரும்.

பழைய_டயல்
பட்ஜெட் பல மடங்கு ஏறினால் வாஷெரோன் கான்ஸ்டன்டின் ஓவர்சீஸ் வேர்ல்டு டைம் பாருங்க. 37 நேர மண்டலங்கள், அரை மணி ஊர்களும் சேர்த்து. வேர்ல்டு டைமர் என்றால் பல ஊர் நேரத்தை ஒரே டயலில் காட்டும் வாட்ச்; 24 ஊர் மட்டும் இருக்கும் வேர்ல்டு டைமரில் இந்தியாவுக்குச் சரியான இடமே இல்லை, அதை வாங்கிடாதீங்க.

இந்தத் தலைவலி 1982 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் சிங்கப்பூர் யுடிசி+7:30. சென்னைக்கும் நமக்கும் சரியாக இரண்டு மணி.