வீட்டு குரூப்: வண்டிப் படங்கள்

கவின்: (3 படங்கள்)
மாமா, தீயணைப்பு வண்டி மேல இருக்கற விளக்கு வரிசை எல்லாப் படத்துலயும் பாதி அணைஞ்சே இருக்கு. நேர்ல எல்லாம் எரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை நிலையத்துல மறுபடி எடுக்க அனுமதி கொடுத்திருக்காங்க. என்ன மாத்தணும்?

சேகர் மாமா: ஷட்டர் வேகம் எவ்வளவு?

கவின்: 1/1000 செகண்ட்

சேகர் மாமா: அதான் காரணம். அந்த எல்இடி விட்டு விட்டுத்தான் எரியும். இடப்பக்கம் எரியறப்போ வலப்பக்கம் அணைஞ்சிருக்கும். கண்ணுக்கு அது சேர்ந்து தெரியுது, 1/1000-ல ஒரு பக்கம்தான் சிக்கும்.
காலை வெயில்னா லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் 1/125, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100. ட்ரைபாட்ல வச்சு தொடர்ச்சியா 10 படம் எடு. எல்லாம் எரியற படம் கிடைக்கலன்னா, எடிட்டிங் ஆப்ல ரெண்டு படத்தை அடுக்கி மேல் லேயரை ‘லைட்டன்’ மோடுல போடு, ரெண்டுல எது பளிச்னு இருக்கோ அது மட்டும் தெரியும். சைலண்ட் (சத்தமில்லாத எலக்ட்ரானிக்) ஷட்டர் வேண்டாம், விளக்குல கோடு கோடா விழும்.

சேகர் மாமா: முடிஞ்சா சாயங்காலம் போ. சூரியன் மறைஞ்சு 15-20 நிமிஷத்துல எஃப் 8, 1 செகண்ட், ஐஎஸ்ஓ 100. அந்த ஒரு செகண்டுக்குள்ள ரெண்டு பக்கமும் எரிஞ்சு முடிஞ்சிடும். வானத்துலயும் நீலம் மிச்சமிருக்கும். எனக்குப் பிடிச்சது இந்த நேரம்தான்.
இன்ஜின் ஓடிட்டிருந்தா பக்கக் கண்ணாடியும் ஆன்டெனாவும் ஆடிப்போயிருக்கும். 2 நிமிஷம் நிறுத்த முடியுமான்னு கேளு. ஹெட்லைட் டிம்ல போதும்.

வள்ளி சித்தி: ரெண்டாவது படத்துல ஃப்ளாஷ் போட்டிருக்கே கவின். வண்டியில ஒட்டியிருக்கற மினுக்குப் பட்டை மட்டும் வெள்ளையா வெந்துபோயிருக்கு, வண்டி இருட்டா இருக்கு பாரு. அந்தப் பட்டை வெளிச்சத்தை வந்த திசையிலயே திருப்பி அனுப்பும். கேமரா மேலயே ஃப்ளாஷ் இருந்தா மொத்தமும் லென்ஸுக்குத்தான் வரும். ஃப்ளாஷை அணைச்சிடு.

வள்ளி சித்தி: மூணாவதுல சிவப்பு அப்பிக் கிடக்கு. கதவு மடிப்பு, ரிவெட் ஒண்ணுமே தெரியல. மொத்த ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டற வெளிச்ச வரைபடம்) சரியாத்தான் காட்டும், சிவப்பு மட்டும் வலது ஓரத்துல முட்டியிருக்கும். மூணு நிறத்தையும் தனித்தனியா காட்டற ஹிஸ்டோகிராமை வச்சுக்கோ. வெளிச்சத்தை 2/3 ஸ்டாப் குறைச்சு, ரா ஃபைல்ல (கேமரா சுருக்காத மூலப் படம்) எடு. ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) ஆட்டோ வேண்டாம். வெயில்ல 5200 கெல்வின்ல நிறுத்திடு.

மலர் அக்கா: எங்க நின்னு எடுத்தே? பம்பர் பெருசா முட்டிட்டு வருது, பின்பக்கம் சுருங்கிப்போச்சு.

கவின்: 5 மீட்டர் இருக்கும்க்கா. 24 எம்எம் லென்ஸ்.

மலர் அக்கா: பின்னால போ. 50 எம்எம் போட்டு 15-18 மீட்டர் தள்ளி நில்லு. முன்பக்கமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியற மூலை. கேமரா ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மேல, இடுப்பு உயரத்துல. சூரியன் உன் முதுகுப் பக்கம். வண்டியோட எல்லாக் கதவும், பக்கவாட்டு அறைகளோட ஷட்டரும் மூடியிருக்கணும். ஒண்ணு திறந்திருந்தாலும் கண்ணு அங்கயே போயிடும். அப்புறம் எதிர்மூலை, பின்பக்கம்.

கவின்: ஏணியைத் தூக்கிக் காட்டறேன்னு சொல்லியிருக்காங்க.

மலர் அக்கா: அப்போ கேமராவை அண்ணாந்து பிடிக்காதே, ஏணி பின்னால சாயற மாதிரி வரும். 30 மீட்டர் ஏணின்னா 40 மீட்டர் தள்ளி, 24 எம்எம், கேமரா நெட்டுக்குத்தா, மட்டமா. கீழ வர்ற தரையை அப்புறம் வெட்டிக்கலாம். வண்டி சாயாம தாங்கற ஊன்றுகாலும் அதுக்கடியில வைக்கற பலகையும் தனியா ஒரு படம். ஏணி சுத்தற வட்டத்துக்குள்ள போகவே கூடாது.

சேகர் மாமா: பம்ப் பேனலை (தண்ணி பம்பை இயக்கற மீட்டர் பலகை) விட்டுடாதே. ஒவ்வொரு மீட்டரும் படிக்கற அளவுக்குத் தெரியணும். நேரா நின்னா உன் உருவமே குரோம்ல விழும், ஒரு அடி பக்கவாட்டுல நகர்ந்துக்கோ. லென்ஸ் முன்னால மாட்டற போலரைசர் ஃபில்டர் பெயின்ட், கண்ணாடி மினுக்கத்தைக் குறைக்கும், குரோம்ல வேலை செய்யாது.
பம்ப் விவரம் பொறிச்ச தகட்டையும் கிட்டப் போய் எடு. ஐரோப்பியத் தர பம்ப்ல எஃப்பிஎன் 10-2000-னு இருந்தா, 10 பார் அழுத்தத்துல நிமிஷத்துக்கு 2000 லிட்டர்னு அர்த்தம். தண்ணித் தொட்டி அளவு, பாடி கட்டினவங்க பேரு, வருஷம் எல்லாத்தையும் அங்கயே குறிச்சுக்கோ. இது இல்லாம படம் மட்டும் இருந்தா, பத்து வருஷம் கழிச்சு எந்த வண்டின்னே சொல்ல முடியாது.

வள்ளி சித்தி: நிலையத்தோட ஷட்டர் கதவுக்கு முன்னால ட்ரைபாட், பை எதுவும் வைக்காதே. அழைப்பு வந்தா ஒரு நிமிஷத்துல வண்டி வெளிய வரும். மணி அடிச்ச உடனே எல்லாத்தையும் தூக்கிட்டு சுவரோரம் போயிடு.

கவின்: சரி சித்தி. மாமா, சாயங்காலம் 5 மணிக்கு மேல வரலாமான்னு நாளைக்குப் போன் பண்ணிக் கேக்கறேன்.

சேகர் மாமா: கேளு. ஏணி எத்தனை மீட்டர்னும் சேர்த்துக் கேட்டுடு, 40 மீட்டர் பின்னால போக அங்க இடம் இருக்கான்னு பாக்கணும்.