வேலூர்க் கோட்டை வரலாற்றில் வரும் வெள்ளைக்காரர் பெயர்கள்: குடும்பப் பெயர் எது, எப்படி எழுதுவது?

கேள்வி (கோட்டைவாசல்):
1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சி பற்றிப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு கையேடு தயாராகிறது. கர்னல் செயிண்ட் ஜான் ஃபேன்கோர்ட், சர் ஜான் கிரடாக், லார்டு வில்லியம் பென்டிங்க், ரோலோ கில்லெஸ்பி என்ற பெயர்கள் அடிக்கடி வருகின்றன. இரண்டாம் முறை சொல்லும்போது எந்தப் பாதியை வைப்பது? ‘சர் ரோலோ’, ‘சர் கில்லெஸ்பி’ இரண்டும் கண்ணில் படுகின்றன. பெயர்களின் பொருளையும் சேர்த்துத் தரலாமா?

பதில் (பாலாற்றங்கரை):
நமக்குத் தலைப்பெழுத்து அப்பாவுடையது, கடைசியில் நிற்பது சொந்தப் பெயர். அவர்களுக்குக் கடைசியில் நிற்பது குடும்பப் பெயர். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பதவிப் பெயரும் ‘மிஸ்டரும்’ குடும்பப் பெயரோடு சேரும்: கர்னல் ஃபேன்கோர்ட். ‘சர்’ சொந்தப் பெயரோடு சேரும்: சர் ஜான் கிரடாக், சுருக்கினால் சர் ஜான். ‘சர் கிரடாக்’ என்பது பிழை. கில்லெஸ்பிக்கு அந்த அடைமொழியே வேண்டாம். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தபோது அவரிடம் அந்தப் பட்டம் இல்லை. 1814இல் நேபாளப் போரில் இறந்த பிறகுதான் அறிவித்தார்கள். கர்னல் கில்லெஸ்பி என்றே எழுதுங்கள்.

பென்டிங்க் விஷயம் நுட்பமானது. அவர் ஒரு டியூக்கின் இளைய மகன், மரியாதைக்காக ‘லார்டு’. அதனால் சுருக்கினால் லார்டு வில்லியம். ‘லார்டு பென்டிங்க்’ பரவலாக வழங்கினாலும் முறைப்படி சரியில்லை. அவருக்கு முன் சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவோ தாமே பிரபு, ஆகவே லார்டு கிளைவ் சரி. ஆனால் நம் பக்கத்தில் கிளைவ் என்றாலே 1751 ஆற்காடு முற்றுகை நினைவுக்கு வரும். அந்தக் கிளைவ் இவருடைய தந்தை ராபர்ட். எனவே முதல் முறை சொந்தப் பெயரையும் கட்டாயம் போடுங்கள்.

பதில் (மெய்ப்புமேசை):
ஃபேன்கோர்ட்டின் ‘செயிண்ட் ஜான்’ பட்டமல்ல, பெற்றோர் வைத்த பெயர். பேச்சில் ‘சின்ஜன்’ என்று ஒலிக்கும். கோட்டைக்குள்ளேயே புனித ஜான் தேவாலயம் இருப்பதால், மொழிபெயர்ப்பவர் கை தானாகப் ‘புனித ஜான் ஃபேன்கோர்ட்’ என்று எழுதிவிடும். அச்சுக்குப் போகும் முன் ‘புனித’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

பொருளைப் பாடத்துக்குள் நுழைக்காதீர்கள். டெய்லர் என்ற பெயருள்ளவர் தையற்காரர் அல்ல. என்றோ ஒரு மூதாதை அந்தத் தொழில் செய்திருப்பார். பின்னிணைப்பில் தரலாம், அங்கே அது சுவையானதும்கூட. கில்லெஸ்பி ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘பிஷப்பின் பணியாள்’. பென்டிங்க் டச்சுக் குடும்பம். கிரடாக் வேல்ஸ் மொழியின் கரடாக் என்ற ஆள்பெயரிலிருந்து வந்தது. அவரே 1820இல் தம் குடும்பப் பெயரைக் கரடாக் என மாற்றிக்கொண்டார். பெயரடைவில் இரண்டு வடிவங்களையும் போட்டு, ஒன்றிலிருந்து மற்றதற்கு ‘காண்க’ கொடுங்கள்.

கேள்வி (கோட்டைவாசல்):
மிக்க நன்றி. வேற்றுமை உருபும் பன்மையும்?

பதில் (பாலாற்றங்கரை):
தமிழ் உருபை நேரே சேருங்கள்: ஃபேன்கோர்ட்டின் மனைவி அமீலியா, கிரடாக்கின் உத்தரவு. ஆங்கில உடைமை ‘ஸ்’ஸைத் தூக்கிவந்து ‘கிரடாக்ஸ் உத்தரவு’ என்றால், ஆளின் பெயரே கிரடாக்ஸ் என்று பிள்ளைகள் படிப்பார்கள். பன்மையும் அப்படியே. வேலூரின் மருத்துவக் குடும்பமான ஸ்கடர்களுக்கு ‘ஸ்கடர்ஸ்’ வேண்டாம், ‘ஸ்கடர் குடும்பத்தார்’ போதும். மாறாக, ஊரிசு (Voorhees) கல்லூரியின் ‘சு’ பெயரோடு பிறந்தது, பன்மையோ உடைமையோ அல்ல. ஊரில் வேரூன்றிய அந்த எழுத்துக்கூட்டலை மாற்ற வேண்டாம்.

கையேடு மருத்துவமனை வரலாற்றுக்கும் நீண்டால் ‘டாக்டர் ஸ்கடர்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். அந்தக் குடும்பத்தில் மருத்துவர்கள் பலர். 1900இல் ஒற்றைப் படுக்கையோடு சி.எம்.சி.யை (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) தொடங்கியவர் ஐடா சோஃபியா ஸ்கடர். அங்கேயே பணிபுரிந்த ஐடா பி. ஸ்கடர் அவருடைய அண்ணன் மகள். அடைவில் ‘ஸ்கடர், ஐடா சோஃபியா’, ‘ஸ்கடர், ஐடா பி.’ எனக் குடும்பப் பெயரை முன்னே வைத்துத் தனித்தனி வரிகளாகப் பிரியுங்கள்.