'வொண்டர்லேண்ட்ஸ்' கேமில், கேயாஸ் சேம்பரில் மட்டும் லேப்டாப் உறைகிறது, வழி சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். பொள்ளாச்சியில் இருக்கும் அத்தை மகனோடு சேர்ந்து 'டைனி டினாஸ் வொண்டர்லேண்ட்ஸ்' ஆடுகிறேன், 2022-இல் வந்த துப்பாக்கிச் சண்டை கேம். கையெறி குண்டுக்குப் பதில் மந்திரம். எதிரியை ஆடாக மாற்றிவிட்டுச் சுடும் சுகமே தனி. கதை முடிந்தபின், அறை அறையாக எதிரிகளோடு சண்டை போடும் கேயாஸ் சேம்பரையே திரும்பத் திரும்ப ஆட வேண்டியிருப்பதுதான் குறை. என் லேப்டாப் சிக்குவதும் அங்கேதான்.

8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு. மூன்று வாரமாக, இரண்டாம் மூன்றாம் அறையில் மந்திரங்கள் குவிந்ததும் படம் அப்படியே நின்று, கடைசிச் சத்தம் மட்டும் டக்டக்கென்று ஓடுகிறது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நடந்து போகும் வரைபடமான ஓவர்வேர்ல்டில் ஒரு பிரச்சினையும் இல்லை.

டிரைவர் புதுப்பித்தேன், ஃபைல்களைச் சரிபார்த்தேன், செட்டிங்ஸ் எல்லாம் லோ. ஃபேன் தூசியும் துடைத்தாயிற்று. அப்புறம் தனியாக ஆடியும் பார்த்தேன், அதே கதி.

ரேமை 16 ஜிபி ஆக்கினால் இது தீருமா, இல்லை கார்டு சூடாவதுதான் காரணமா?