லேசான காற்றில்தான் கம்பி முனகுகிறது: லைன் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எனக்கு ஊர் ஆரல்வாய்மொழி. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு எங்கள் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

தோப்புக்கு மேலே டவர் லைன் போகிறது. ஆடிக்காற்றில் கம்பி மொத்தமாக ஒதுங்கி ஆடுகிறது, சரி. ஆனால் விடியற்காலையில் சீரான இளங்காற்று வீசும்போதுதான் முனகல் சத்தம். காற்று நின்றால் அதுவும் நிற்கிறது.

தேடிப் படித்தேன். கம்பியைத் தாண்டும் காற்று அதன் பின்னால் மேலும் கீழுமாக மாறிமாறிச் சுழல்களை விடுமாம். அதில் கம்பி அதிரும். காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால் அதிர்வெண் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் கம்பி, நொடிக்கு 3 மீட்டர் காற்று என்றால் 30 ஹெர்ட்ஸ். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் டவரில் கம்பியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் பக்கத்தில் அலுமினிய இழைகள் வருடக்கணக்கில் வளைந்து வளைந்தே அறுந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கர்லாக்கட்டை மாதிரி தொங்கும் ஸ்டாக்பிரிட்ஜ் டேம்பர். (நான் இத்தனை நாள் அதை வெறும் எடைக்கட்டி என்று நினைத்திருந்தேன்!)

இப்போது சிக்கல்: ஒரு கம்பியில் மட்டும் டேம்பர் கிளாம்பை விட்டு வெகுதூரம் நகர்ந்து கிடக்கிறது. அங்கே இருந்தாலும் அது வேலை செய்யுமா? சரியான தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? மின்வாரியத்தில் இதை எந்தப் பிரிவில் சொல்ல வேண்டும்? கீழே நின்று எடுத்த போட்டோ இருக்கிறது, கேட்டால் போடுகிறேன்.