யானையா, அனபீனாவா: மண்ணுக்கு யார் பெரிய உபகாரி?

தும்பிக்கை:
யானைக்குக் கொடுக்கிற மரியாதையில் பத்தில் ஒரு பங்காவது குளத்து நீலப்பச்சைப் பாசிக்கும் கொடுக்கணும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்புதான் வந்தது. ஆசிய யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்கிறது, பாதிக்கு மேல் செரிக்காமலே லத்தியாகப் போடுகிறது. விதை ஊர்விட்டு ஊர் போவது அதில்தான். அந்தப் பாசியில் ஒரு வகையான அனபீனா என்ன செய்யும்? குட்டையில் மிதக்கும்.

வயக்காட்டான்:
அந்த ஒருவர் நான்தான் சகோ. மிதந்தபடியே காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடிக்கிறது. யூரியா மூட்டை வருமுன் நெல் வயல் வருஷா வருஷம் எப்படி விளைந்ததாம்? வங்காள வயல் மண்ணை ஆராய்ந்த பி. கே. டே, அது இந்தப் பாசிகளின் வேலை என்று 1939-லேயே காட்டிவிட்டார். நாம் வயலில் விடுகிற அசோலா என்ற நீர்ப்பெரணியின் இலைக்குழிக்குள் குடியிருப்பதும் அனபீனாவின் பங்காளிதான்.

தும்பிக்கை:
சரி. ஆனால் அனபீனா போனால் நாஸ்டாக் என்ற இன்னொரு நீலப்பச்சைப் பாசி வரும். யானை போனால்? பெரிய கொட்டைப் பழங்களை விழுங்கித் தொலைவில் போட வேறு ஆள் குறைவு. 22 மாதம் வரை சுமந்து ஒரு குட்டி. பாசி சில நாளில் இரட்டிக்கும்.

வயக்காட்டான்:
யானைக்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். "மிதக்கும்" என்று தள்ளினீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. நைட்ரஜனைப் பிடிக்கிற நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. பாசியோ ஆக்சிஜன் விடுகிற உயிர். அதனால் செல்கள் சரமாகக் கோத்த அதன் இழையில் ஏறக்குறைய பத்துக்கு ஒரு செல் தடித்த சுவர் கட்டிக்கொண்டு ஆக்சிஜன் விடுவதையே நிறுத்துகிறது. அப்புறம் அது பெருகவே முடியாது. பக்கத்துச் செல்கள் சர்க்கரை ஊட்ட, இது நைட்ரஜன் கொடுக்கும். கூட்டத்துக்காக வாரிசையே விடுகிறது! நீங்கள் யானையை மட்டும் மெச்சுகிறீர்கள்.

ஆற்றுமணல்:
குறுக்கே வருகிறேன். 2020-ல் போட்ஸ்வானாவில் 300-க்கும் மேல் யானைகள் செத்தன. நீலப்பச்சைப் பாசி நஞ்சு என்றது அந்நாட்டு அரசு. இதுவா உபகாரி?

வயக்காட்டான்:
அவை ஆப்பிரிக்கப் புல்வெளி யானைகள். அந்தப் பழியை அனபீனா தலையில் கட்டாதீர்கள். ஆனால் மறைக்கவில்லை: அனபீனாவிலும் நரம்பு நஞ்சு சுரக்கிற வகைகள் உண்டு, அந்தத் தண்ணீரைக் குடித்து மாடுகள் செத்திருக்கின்றன. எல்லா வகையும் அப்படியில்லை. உரமும் சாக்கடையும் குளத்தில் சேரச் சேரத்தான் கண்மண் தெரியாமல் பெருகுகிறது. அதைக் கலந்தது யார்?

தும்பிக்கை:
செல் கதை நன்றாயிருந்தது. இருந்தாலும் என் ஓட்டு யானைக்கே. விதையையும் போட்டு, கூடவே லத்தியை உரமாகவும் போடுகிறது. உங்க ஆள் தேவைப்படவே இல்லை.

வயக்காட்டான்:
லத்தியில் இருக்கிற நைட்ரஜன் எங்கிருந்து வந்ததாம்? காற்றிலிருந்து நேரே தும்பிக்கைக்குள் போச்சா?