புதுப்பிப்பு: சேலம் அருங்காட்சியகமும் ஆட்சியர் அலுவலகமும்

எட்டாம் வகுப்பு மாணவர்களை இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில் அழைத்துச் செல்லலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். திங்கட்கிழமை வேண்டாம், ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம் நெரியும் என்று பலர் எச்சரித்தீர்கள். வெள்ளியன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. யோசித்துவிட்டுத் திங்களன்றே போனோம்.

அருங்காட்சியகத்தில் நடுகற்களைத் தாண்டிப் பிள்ளைகள் நகரவே இல்லை. ஆநிரை மீட்கப் போரிட்டு மாண்டவர்களுக்கு எடுத்த கற்கள் இவை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி குறுக்கிட்டாள்: "ஐயா, இதே மாதிரிக் கல்லைத்தான் எங்கள் ஊரில் வேடியப்பன் என்று கும்பிடுகிறோம்." எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதன் பிறகு நான் பேசவில்லை, அவள்தான் பேசினாள். வில், வாள், வீரன் நிற்கும் விதம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

அங்கேயே நேரம் போய்விட்டதால் ஆட்சியர் அலுவலகத்தில் அரை மணி நேரம்தான் கிடைத்தது. குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனுவோடு காத்திருந்தவர்களைப் பார்த்தார்கள். பட்டாவுக்காக வந்திருந்த ஒரு பாட்டி தம் மனுவைப் பொறுமையாக வாசித்துக் காட்டினார். அவருக்கு என் நன்றி.

அடுத்த பயணம் அந்த மாணவியின் ஊருக்கு.